வரைந்தவர் யார்?

மார்லிஸ்: ...கதவு திறந்துதான் இருக்கு. அதுக்காக யார் வேணா உள்ள வரலாம்னு இல்ல.

வெர்லின்: மணி அடிச்சேன், அக்கா. சத்தமே வரலை.

மார்லிஸ்: அது அடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இந்தப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

வெர்லின்: நான் வந்து மூணு வருஷம்.

மார்லிஸ்: பரவாயில்லையே. ஞாபகம் வச்சிருக்கே.

வெர்லின்: சிங்க்குக்கு அடியில தண்ணி ஒழுகுதாமே?

மார்லிஸ்: யார் சொன்னா?

வெர்லின்: டோரிஸ். சர்ச்சுல.

மார்லிஸ்: என் சிங்க் ஒழுகறது டோரிஸுக்கு எப்படித் தெரியும்?

வெர்லின்: நம்ம ஊர்ல யார் வீட்டு சிங்க் யாருக்குத் தெரியாது... தள்ளு. ஸ்பேனர் கொண்டு வந்திருக்கேன்.

மார்லிஸ்: கோட்டு, டை, கையில ஸ்பேனர். அடேயப்பா! கல்யாண மாப்பிள்ளை குழாய் ரிப்பேருக்கு வந்த மாதிரி இருக்கு.

வெர்லின்: பிரசங்கம் முடிஞ்சு நேரா வரேன். சாப்பிட ஏதாவது இருக்கா?

மார்லிஸ்: மூணு வருஷம் கழிச்சு அக்கா வீட்டுக்குள்ள வந்தவன் கேக்கிற மொதக் கேள்வி!... பன் இருக்கு. உள்ள முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் வச்சது.

வெர்லின்: அம்மா செய்வாளே, அதுவா?

மார்லிஸ்: அதேதான்.

வெர்லின்: அம்மா மிளகு கூடப் போடுவா.

மார்லிஸ்: நீ இன்னும் வாயிலயே வைக்கலை!

வெர்லின்: வாசனையே சொல்லுதே.

மார்லிஸ்: முதல்ல சிங்க்குக்கு அடியில போ. அங்க போயிட்டா உன் பேச்சு கொஞ்சம் அமுங்கிக் கேக்கும்.

வெர்லின்: ...ஐயோ கடவுளே. அக்கா, இதை யார் போட்டது?

மார்லிஸ்: எதை?

வெர்லின்: வெந்நீர்க் குழாயை. பாய்லர் இதோ இருக்கு, சுவத்துக்கு அந்தப் பக்கம். ரெண்டடி. அந்த ரெண்டடிக்கு இது மேல ஏறி, பரண் வரைக்கும் போய், அங்க ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப இறங்கி வருது! எந்த மடையன் இப்படி யோசிப்பான்?

மார்லிஸ்: யாரும் யோசிக்கலை.

வெர்லின்: அப்போ தானா முளைச்சுதா?

மார்லிஸ்: முதல்ல தொட்டி பரண்ல இருந்துச்சு. அப்பா அங்கேருந்து இறக்கினார். அப்புறம் பாய்லர் வந்துச்சு, கொட்டகையில வச்சாங்க. சித்தப்பா அதை இதோட இணைச்சார். அப்புறம் நீதான் பாய்லரை உள்ள கொண்டு வந்தே. ஒவ்வொருத்தரும் பழைய குழாயை வெட்டி எறியாம இன்னும் கொஞ்சம் நீட்டினீங்க. ஓடிட்டுதானே இருந்துச்சு, எதுக்கு வெட்டணும்? உன் கழுத்துல கூட இப்படி ஒரு நரம்பு இருக்குடா. மூளையிலேருந்து தொண்டைக்குப் போறது. ஒரு சாண் தூரம். ஆனா நேரா போகாது. நெஞ்சுக்குள்ள இறங்கி, ரத்தக்குழாயைச் சுத்திட்டு மறுபடி மேல வரும். ஒட்டகச்சிவிங்கிக்கு அதே நரம்பு பதினைஞ்சு அடி. ஏன்னா நாமெல்லாம் மீனா இருந்த காலத்துல—

வெர்லின்: ஆரம்பிச்சுட்டா. டீச்சர் ஆரம்பிச்சுட்டா.

மார்லிஸ்: நீதானேடா கேட்டே?

வெர்லின்: சரி, ஒண்ணு சொல்லு. அப்பா நீட்டினார், சித்தப்பா நீட்டினார், நான் நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் இருந்தான்ல? ஸ்பேனர் தானா திருகலையே?

மார்லிஸ்: நல்ல கேள்வி.

வெர்லின்: இரு, இதை எங்கயாவது எழுதி வச்சுக்கறேன். தேதி என்ன இன்னிக்கு?

மார்லிஸ்: நல்ல கேள்வின்னுதான் சொன்னேன். நீ சொல்றது சரின்னு சொல்லலை. வயல்ல சுறாப் பல்லு பொறுக்கினோமே, கடல் இங்கேருந்து நூத்துக்கணக்கான மைல், இங்க எப்படி சுறா வந்துச்சுன்னு அன்னிக்கு நீ கேட்டே பாரு, அதுவும் நல்ல கேள்விதான். பதில்தான் உனக்கு எப்பவும் ஒண்ணு.

வெர்லின்: நோவா காலத்து வெள்ளம்.

மார்லிஸ்: அதேதான்.

வெர்லின்: உனக்கு மட்டும் என்ன? எதைக் கேட்டாலும் எட்டுக் கோடி வருஷம்.

மார்லிஸ்: பள்ளிக்கூட போர்டு மீட்டிங்ல நீ இவ்வளவு நல்லாப் பேசலையே.

வெர்லின்: எங்க பேச விட்டே? எழுந்து நின்னு, ‘இந்த நாலு வாக்கியத்தை என் வகுப்புல படிக்க மாட்டேன்’னு சொன்னே. ஊரே பாத்துட்டு இருக்கு. தலைவர் நாற்காலியில உன் சொந்தத் தம்பி. எனக்கு வாயடைச்சுப் போச்சு.

மார்லிஸ்: வாய்தான் அடைச்சுது. கை நல்லா வேலை செஞ்சுது. கையெழுத்துப் போட்டே.

வெர்லின்: ...அந்த ரெஞ்சை எடு.

மார்லிஸ்: ‘உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமா மாறி வந்ததுங்கறது ஒரு கருத்துதான். அதுல விளக்க முடியாத இடங்கள் இருக்கு. அறிவுள்ள ஒருத்தர் திட்டம் போட்டு வடிவமைச்சிருக்கலாம்னு இன்னொரு கருத்தும் உண்டு. மாணவர்கள் திறந்த மனசோட இருக்கணும்.’ பாரு, இன்னும் மனப்பாடம். முப்பத்தொரு வருஷம் பாடம் எடுத்தவளைப் பதினோரு வாரம் வீட்டுல உக்கார வச்ச நாலு வாக்கியம்.

வெர்லின்: போர்டு முடிவு பண்ணினா தலைவர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும். அடுத்த தேர்தல்ல ஊரு என்னையும்தான் வீட்டுல உக்கார வச்சுது. அறுபத்தொரு ஓட்டுல தோத்தேன். போதாதா?

மார்லிஸ்: அதுல எனக்குச் சந்தோஷம் இல்லடா.

வெர்லின்: கொஞ்சம் கூடவா?

மார்லிஸ்: ...கொஞ்சம். ஒரு வாரம் இருந்துச்சு.

வெர்லின்: ஒரு வாரம்தானா? நான் ஒரு மாசம்னு நினைச்சேன்.

மார்லிஸ்: பன் ஆறிட்டிருக்கு. வெளியில வா.

வெர்லின்: இரு, இதை இறுக்கிட்டு வரேன்... அக்கா. இன்னிக்கு மூணு மணிக்குப் படம்.

மார்லிஸ்: ஓஹோ. அப்போ சிங்க்குக்காக வரலை.

வெர்லின்: சிங்க்குக்கும்தான். ஊரே போகுது. தியேட்டர்ல சீட்டு பத்தாதுன்னு பள்ளிக்கூடத்து மடக்கு நாற்காலியெல்லாம் எடுத்துட்டுப் போறாங்க. நம்ம சண்டையை ஒருத்தி ரெண்டு வருஷம் கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சு படமா எடுத்திருக்கா. நம்ம கன்ஸாஸ்ல எவனாவது ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டுப் போனாக் கூட அதையும் எடுத்தா. நீ அதைப் பாத்துட்டேன்னு கேள்விப்பட்டேன்.

மார்லிஸ்: டிசம்பர்ல டெஸ்ஸா கொண்டு வந்து காட்டினா. இதே மேஜையில, அவளோட கம்ப்யூட்டர்ல. பாவம், மாட்டுக்கறி சாப்பிடாத பொண்ணு. இந்த ஊர்ல ரெண்டு வருஷம் எப்படித்தான் உயிரோட இருந்தாளோ.

வெர்லின்: உருளைக்கிழங்குதான். டோரிஸ் கடையில... சரி அதை விடு. நான் எப்படி வரேன்?

மார்லிஸ்: மீசையோட வரே.

வெர்லின்: அக்கா...

மார்லிஸ்: நல்லாத்தான்டா வரே. கோதுமை அறுக்கிற மெஷின் மேல சாஞ்சு நின்னு பேசறே. மரியாதையாத்தான் காட்டியிருக்கா.

வெர்லின்: சிரிக்கிறாங்களா?

மார்லிஸ்: யாரு?

வெர்லின்: ஜனங்கதான். அந்தப் பாக்டீரியாவோட வாலைப் பத்திச் சொன்னேனே. ‘அதுல ஒரு மோட்டார் இருக்கு, சுத்துது, என் மெஷின் மாதிரி ஒரு பெல்ட்டைக் கழட்டினாப் போச்சு, மொத்தமும் நின்னுடும், அப்போ எல்லாத்தையும் ஒண்ணா யோசிச்சு ஒருத்தர்தானே பண்ணியிருக்கணும்’னு.

மார்லிஸ்: யாரும் சிரிக்கலை. நானும் டெஸ்ஸாவும் மட்டும்தான் இருந்தோம்.

வெர்லின்: நீ?

மார்லிஸ்: நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்... பெல்ட்டுன்னு சொன்னப்போ லேசா. பாக்டீரியாவுக்கு ஏதுடா பெல்ட்டு?

வெர்லின்: ஒரு உதாரணத்துக்குச் சொன்னது!

மார்லிஸ்: அந்த மெஷின் உதாரணமே உனக்கு எதிரா நிக்குது, தெரியுமா? அதோட சீட்டு பழைய டிராக்டரோடது. விளக்கு லாரியோடது. அப்பா கையில கிடைச்சதை எல்லாம் மாட்டி மாட்டி—

வெர்லின்: அப்பா மாட்டினார்! மறுபடியும் ஒரு ஆள்!

மார்லிஸ்: சாப்பிடு.

வெர்லின்: ...ம். மிளகு பத்தலை.

மார்லிஸ்: அப்போ தட்டைக் குடு இங்க.

வெர்லின்: குடுக்க மாட்டேன்... நீ எப்படி வரே, படத்துல?

மார்லிஸ்: நானா?

வெர்லின்: நீதானே கதாநாயகி. ரெண்டு வருஷமும் உன் பின்னாலதானே சுத்தினா.

மார்லிஸ்: நானும் நல்லாத்தான் வரேன்.

வெர்லின்: எவ்வளவு நேரம்?

மார்லிஸ்: கடிகாரம் வச்சா பாத்தேன்? ஒரு இருபது நிமிஷம் இருக்கும்.

வெர்லின்: என்ன போட்டுட்டு இருக்கே?

மார்லிஸ்: நீல ஸ்வெட்டர். எதுக்குக் கேக்கறே?

வெர்லின்: எங்க உக்காந்து பேசறே?

மார்லிஸ்: வகுப்பறையில. எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல. என்னடா இது, போலீஸ் விசாரணை மாதிரி?

வெர்லின்: தெரிஞ்சுக்கலாம்னுதான். ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாது. நீ கடவுளே இல்லைன்னு கேமரா முன்னால சொல்லிட்டேன்னு பேச்சு.

மார்லிஸ்: சொன்னா டெஸ்ஸாவுக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். அவளுக்கு அப்படி ஒரு டீச்சர்தான் வேணும். முதல் நாள் சாப்பாட்டுக்கு முன்னால நான் தலை குனிஞ்சு ஜெபம் பண்ணினேன் பாரு, அவ முகத்தைப் பாக்கணுமே! ஃபோர்க்கைக் கையில பிடிச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தா. ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பாட்டுக்குழுவுல ரெண்டாம் குரல் பாடுவேன்னு சொன்னேன், நம்பவே இல்ல.

வெர்லின்: இங்க பாடறதில்லையே நீ. இருபத்திரண்டு மைல் காரை ஓட்டிட்டுப் போய்ப் பாடறே.

மார்லிஸ்: இங்க பாடினா பக்கத்து ஆளுக்கு சுருதி போயிடுது. என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தா எப்படிப் பாட்டு வரும்? அதுக்கு ஏன் தலையைத் தொங்கப் போடறே? அந்த சர்ச்சுல காப்பி நல்லா இருக்குடா.

வெர்லின்: கிளம்பு. ரெண்டு பேரும் சேந்தே போயிடலாம் படத்துக்கு.

மார்லிஸ்: நான் வரலை.

வெர்லின்: ஏன்?

மார்லிஸ்: தலைவலி.

வெர்லின்: இப்பதான் ஒட்டகச்சிவிங்கி பத்திப் பேசினே. அப்போ தலை வலிக்கலையா?

மார்லிஸ்: அதனாலதான் வலி வந்துச்சு... இரு, போன். ஹலோ?... ஆ, டெஸ்ஸா... இல்லம்மா, வரலை... முன் வரிசையா? வேற யாருக்காவது குடுத்துடு. டோரிஸுக்குக் குடு, அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது... என்ன மாத்தியிருக்கே?... வேண்டாம், சொல்லாதே. நான் எடுக்கச் சொன்னதை எடுத்துட்டேல்ல?... ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்லாம?... அது போதும்மா எனக்கு... என்ன சத்தமா? அது... குழாய் ரிப்பேர்காரர். தட்டுல ஃபோர்க்கைப் போட்டு உருட்டறார்... சரி. படம் நல்லா நடக்கட்டும்.

வெர்லின்: குழாய் ரிப்பேர்காரனா நான்?

மார்லிஸ்: கையில ஸ்பேனர் வச்சிருக்கியே.

வெர்லின்: எதை எடுக்கச் சொன்னே?

மார்லிஸ்: எது?

வெர்லின்: ‘ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்லாம’ன்னு சொன்னியே.

மார்லிஸ்: அதுவா... ஒரு இடத்துல என் தாடை ரெண்டாத் தெரிஞ்சுது.

வெர்லின்: தாடையை எப்படி வார்த்தையில சொல்லுவாங்க?

மார்லிஸ்: வெர்லின், இன்னும் ஒரு பன் வேணுமா வேண்டாமா?

வெர்லின்: வேண்டாம்.

மார்லிஸ்: நீயும் போகாதடா அந்தப் படத்துக்கு. ரொம்ப நீளம். பாதி நேரம் யாரோ வக்கீல்கள் பேசிட்டே இருக்காங்க.

வெர்லின்: நான் நல்லா வரேன்னு சொன்னே.

மார்லிஸ்: வரேதான்.

வெர்லின்: மரியாதையாக் காட்டியிருக்கான்னே.

மார்லிஸ்: ஆமா.

வெர்லின்: நீ இருபது நிமிஷம். நீல ஸ்வெட்டர். அப்போ நான் ஏன் போகக் கூடாது? நீ ஏன் வரக் கூடாது? ரெண்டு பேரும் நல்லா வர்ற படத்துக்கு ரெண்டு பேரும் போகக் கூடாதுன்னா என்ன நியாயம்? உன் வகுப்புல ஒரு பையன் இப்படிப் பதில் எழுதினா எத்தனை மார்க் போடுவே? சொல்லு டீச்சர்.

மார்லிஸ்: நான் அந்தப் படத்துல இல்லடா.

வெர்லின்: ...ம்.

மார்லிஸ்: ஒரு நிமிஷம் கூட இல்ல. டிசம்பர்ல இருந்தேன். இப்ப இல்ல. கடைசிப் படத்தைப் பாத்துட்டுத்தான் சம்மதக் கையெழுத்துப் போடுவேன்னு ஆரம்பத்துலயே சொல்லியிருந்தேன். பாத்தேன். போட மாட்டேன்னுட்டேன்.

வெர்லின்: பதினோரு வாரம் வீட்டுல உக்காந்தே. மளிகைக் கடையில உன் முகத்தைப் பாத்துட்டு அடுத்த வரிசைக்குப் போனாங்க. உன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல உனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான். அதை விட்டுட்டியா?

மார்லிஸ்: ஆமா.

வெர்லின்: ஏன்?

மார்லிஸ்: அந்தக் குழாய்... ஒழுகறது நின்னுடுச்சா?

வெர்லின்: நின்னுடுச்சு. ஏன், அக்கா?

மார்லிஸ்: ...உன் கடிதம் வந்த வாரம் அது. என்னைக் கட்டாய விடுப்புல அனுப்பின கடிதம். கீழ உன் கையெழுத்து. டெஸ்ஸா கேமராவோட வந்து உக்காந்தா. உன் மேல ஆத்திரமா இருந்தேன். ‘உங்க தம்பி ஏன் இப்படி நம்பறார்? அவருக்கு அறிவியல் புரியலையா?’ன்னு கேட்டா. நான் சொன்னேன், ‘அவன் முட்டாள் இல்ல. என் மாணவர்கள்ல பாதிப் பேரை விட அவனுக்கு நல்லாப் புரியும். ஆனா அவனுக்கு ஒரு பையன் இருந்தான்’னு. கர்டிஸைப் பத்திச் சொன்னேன். இடது பக்கம் வளராத இதயத்தோட பிறந்தான்னு சொன்னேன். மூணு ஆபரேஷன், பத்து வயசுல போயிட்டது, எல்லாத்தையும். யாரோ ஒருத்தர் யோசிச்சுத்தான் அந்த இதயத்தைப் போட்டார், அதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு நம்பினாத்தான் என் தம்பியால காலையில எழுந்து டிராக்டர்ல ஏற முடியும்னு சொன்னேன். என் வீட்டு விஷயம் இல்ல அது. உன் வீட்டு விஷயம். அதை எடுத்து மேஜை மேல போட்டேன்.

வெர்லின்: அவ்வளவுதானா?

மார்லிஸ்: இல்ல.

வெர்லின்: சொல்லு.

மார்லிஸ்: வேண்டாம்டா.

வெர்லின்: இவ்வளவு தூரம் வந்தாச்சு. சொல்லிடு.

மார்லிஸ்: ‘அப்படி ஒரு இதயத்தை வரைஞ்ச இன்ஜினியருக்கு லைசன்ஸை ரத்து பண்ணணும்’னு சொன்னேன். சொல்லிட்டு... சிரிச்சேன். சொன்ன அன்னிக்குக் கூட எனக்கு உறைக்கலை. டிசம்பர்ல இந்த மேஜையில உக்காந்து அந்தச் சிரிப்பைப் பாத்தேன். என் பல்லு தெரியுது. நம்ம ஊர் ஜனம் மொத்தமும் அதைப் பாக்கப் போகுது. அவனைப் பெத்தவ லோரீன் பாக்கப் போறா. அதை மட்டும் எடுத்துடுன்னு டெஸ்ஸாகிட்டக் கேட்டேன். அவ அழுதுட்டா. மொத்தப் பேட்டியும் அந்த இடத்துலதான் போய் நிக்குது, அது இல்லாம வெட்டினா நீங்க ஏதோ பாடப் புத்தகம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்னா. அப்போ முழுசா எடுத்துடுன்னேன். நல்ல பொண்ணு. வக்கீலை வச்சு மிரட்டலை. எடுத்துட்டா.

வெர்லின்: அதை என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம் நீ.

மார்லிஸ்: சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?

வெர்லின்: தெரியல. இந்த மேஜையைக் கவுத்திருப்பேன்.

மார்லிஸ்: இப்ப கவுத்துக்கோ. தட்டை எடுத்துடறேன்.

வெர்லின்: ...கர்டிஸ் இறந்து போன வருஷம் அறுவடை நேரம், ஞாபகம் இருக்கா? நாள் முழுக்க வயல்ல தனியா இருப்பேன். மெஷின் சத்தத்துல என்ன கத்தினாலும் யாருக்கும் கேக்காது. நான் கடவுளைக் கேட்ட கேள்வியில உன் லைசன்ஸ் எல்லாம் ஒண்ணுமே இல்ல, அக்கா. அதைவிட மோசமாக் கேட்டிருக்கேன். கெட்ட வார்த்தை சேத்து.

மார்லிஸ்: நீயா?

வெர்லின்: சர்ச்சுல முதல் வரிசையில உக்காந்திருக்கிறவன்தான். அங்க யார்கிட்டச் சொல்றது இதை?

மார்லிஸ்: என்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா.

வெர்லின்: உன்கிட்டச் சொன்னா, பாத்தியா நான் சொன்னது சரிதானேன்னு கேப்பே.

மார்லிஸ்: ...கேட்டிருப்பேன். ஆமா. அந்தக் காலத்துல கேட்டிருப்பேன்.

வெர்லின்: இப்பவும் நீ சொல்றதை நான் ஒத்துக்கலை. அதைத் தெரிஞ்சுக்கோ.

மார்லிஸ்: தெரியும். நானும்தான் ஒத்துக்கலை. அந்த நாலு வாக்கியத்தை இன்னிக்குக் கொண்டு வந்தாலும் படிக்க மாட்டேன்.

வெர்லின்: மூஞ்சியைத் துடை. மூக்கெல்லாம் சிவந்துடுச்சு.

மார்லிஸ்: வெங்காயம் நறுக்கினேன் காலையில.

வெர்லின்: காலையில நறுக்கின வெங்காயமா இப்ப...

மார்லிஸ்: வாயை மூடு. என்னை மன்னிச்சுடுடா. நேரா சொல்லணும்னு டிசம்பர்லேருந்து நினைக்கிறேன். ஒரு நாள் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், லோரீன் துணி காயப் போட்டுட்டு இருந்தா. வண்டியைத் திருப்பிட்டேன். சரி, நீ போறதுன்னா போய்ப் பாரு. தைரியமாப் போ. அந்தப் படத்துல கர்டிஸ் பேரே வராது. அதுக்கு நான் பொறுப்பு.

வெர்லின்: வருது, அக்கா.

மார்லிஸ்: என்ன?

வெர்லின்: அவன் பேர் வருது.

மார்லிஸ்: வராது. இப்பதான் போன்ல கேட்டேன். ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்லன்னு டெஸ்ஸா சொன்னா.

வெர்லின்: நீ சொன்ன வார்த்தை மிச்சம் இல்ல. அது உண்மைதான்.

மார்லிஸ்: உனக்கு எப்படித் தெரியும்? படம் இன்னிக்குத்தானே...

வெர்லின்: போன சனிக்கிழமையே விச்சிட்டா நகரத்துத் தியேட்டர்ல போட்டாங்க. போய்ப் பாத்துட்டேன். ரெண்டு தடவை. முதல் தடவை உன்னை எங்கயும் காணோம். நடுவுல தூங்கிட்டேனோன்னு மறுபடியும் டிக்கெட் எடுத்து உக்காந்தேன். மோட்டார்னு சொன்னப்போ ரெண்டு தடவையும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

மார்லிஸ்: அப்போ இவ்வளவு நேரம்... நீல ஸ்வெட்டர், எலும்புக்கூடுன்னு நான் அளந்ததை எல்லாம் தெரிஞ்சே கேட்டுட்டு இருந்தியா? படுபாவி!... கர்டிஸ் பேரை யார் சொன்னது அதுல?

வெர்லின்: நான்தான். மார்ச் மாசம் டெஸ்ஸா மறுபடி வந்தா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. ‘ஏன் நம்பறீங்க?’ன்னு மட்டும் கேட்டா. வாயிலேருந்து அவன் பேர் வந்துடுச்சு. ‘அந்த இதயத்தையும் அவர்தான் வரைஞ்சாரா?’ன்னு கேட்டா. அதுக்கு நான் சொல்றேன், அக்கா... ‘கடைசி ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவன் பயந்து அழுதுட்டே இருந்தான். நான் ஜெபம் பண்ணிப் பாத்தேன், அழுகை நிக்கலை. எங்க அக்கா வந்து கட்டில்ல உக்காந்தா. ஒரு காகிதத்துல அவன் இதயத்தை வரைஞ்சா. டாக்டர் எங்க வெட்டுவார், எதை எதோட சேப்பார், ரத்தம் எந்தப் பக்கம் போகும்னு ஒவ்வொண்ணா அவனுக்குக் காட்டினா. அதைக் கையில வச்சுட்டே தூங்கிட்டான். அந்த டீச்சரைத்தான் நான் வீட்டுக்கு அனுப்பினேன்’னு... லோரீனால வர முடியாது. அந்த இடம் வர்றப்போ மூணாவது தடவை என்னால தனியா உக்காந்திருக்க முடியாது. எழுந்திரு, அக்கா. கோட்டைப் போட்டுக்கோ.